ஈழப் போர்க் கால நாவல்: என் தையல்காரரை எங்கே நிறுத்துவது?

மேற்குமாம்பலம் | வெள்ளி, இரவு 9.40

எழுதுகிறவர்களும் நிறைய வாசிக்கிறவர்களும் உள்ள இடம் என்பதால் இங்கே கேட்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தையல்காரர், அவருடைய தாய், மனைவி, தம்பி, இரண்டு பிள்ளைகள். 1990 ஜூனில் இலங்கை இராணுவத்துக்கும் புலிகளுக்கும் போர் மறுபடி மூண்டபோது கதை தொடங்குகிறது. 1995 அக்டோபர் இடப்பெயர்வைத் தாண்டி, குடும்பத்தில் பாதி சென்னைக்கு வந்து சேர்வதோடு முடிகிறது. நான் சென்னைவாசி. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் போய் வந்திருக்கிறேன். மற்றதெல்லாம் கேட்டதும் படித்ததும்தான்.

சிக்கல் இதுதான். பெரிய சம்பவம் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று தையல்காரரை எல்லா இடத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். 1990இல் கோட்டை முற்றுகையின்போது பக்கத்துத் தெருவில் இருக்கிறார். 1991இல் ஆனையிறவுச் சண்டைக்குச் சீருடை தைத்துக்கொண்டு போகிறார். 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் குண்டு விழுகிறபோது அங்கே உறவினர் வீட்டில் இருக்கிறார். படித்த நண்பர்களில் ஒருவர், "இவர் தையல்காரரா, நிருபரா?" என்று கேட்டார். இன்னொருவருக்கு, சண்டை இல்லாத அத்தியாயங்களில் தூக்கம் வருகிறதாம்.

சாதாரண ஆள் போரில் எதையும் தீர்மானிப்பதில்லை. அப்படிப்பட்டவரை வைத்து 400 பக்கம் எப்படி ஓட்டுவது?

பழையபேப்பர் | வெள்ளி, இரவு 10.15

நிருபரா என்று கேட்ட அந்த நண்பரை விட்டுவிடாதீர்கள்.

சோழர் கதைகளை வாராவாரம் பத்திரிகையில் படித்து வளர்ந்த கூட்டம் நாம். அதில் ஓலை கொண்டுபோகிறவன்கூட ராஜாவையும் இளவரசியையும் நேரில் பார்த்துவிடுவான். சதி நடக்கிற மாளிகையில் சரியாக அன்றைக்கு ராத்திரிதான் வந்து படுத்திருப்பான். அந்த வகைக் கதைக்கு அது பொருந்தும். உங்கள் கதையை அது கெடுத்துவிடும்.

வாழ்நாள் முழுக்கச் செய்தித்தாள் அலுவலகத்தில் பிழை திருத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இலங்கைச் செய்தி எங்களிடம் எண்ணிக்கையாக வரும். இத்தனை பேர் பலி, இத்தனை கிலோமீட்டர் முன்னேற்றம். அங்கே இருந்தவர்களுக்கு அது வேறு வடிவத்தில்தான் வந்திருக்கும்: சத்தம், வதந்தி, விலை. 1990 செப்டம்பர் 26 அன்று இராணுவம் கோட்டையைக் கைவிட்டது. அதற்கு உங்கள் ஆள் கோட்டைப் பக்கம் போகவே வேண்டாம். அன்றைக்குக் கடைக்கு யார் வந்தார், அளவு கொடுத்துவிட்டுப் போனவர்களில் யார் துணியை வாங்க வரவே இல்லை என்று எழுதுங்கள்.

சுண்டெலி | வெள்ளி, இரவு 10.22

400 பக்கத்தை 250 ஆக்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீவுப்பக்கம் | வெள்ளி, இரவு 11.50

தம்பி, நான் வளசரவாக்கத்தில் இருக்கிறேன். ஊர் தீவுப்பகுதி. 1991இல் தீவை விட்டு யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு வந்து, 1995 வரை அங்கேதான் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன்.

சாதாரண ஆள் எதையும் தீர்மானிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் விடிந்தால் பொழுதுபட்டால் தீர்மானித்துக்கொண்டே இருந்தோம். போரை எப்போது நிறுத்துவது என்பது மட்டும்தான் எங்கள் கையில் இல்லை.

1990 ஜூனுக்குப் பிறகு கரண்ட் இல்லை. பெற்றோல், டீசல், பேட்டரி, சவர்க்காரம், மெழுகுதிரி என்று தடைப்பட்டியல் நீளும். மண்ணெண்ணெய் கொஞ்சமாக, யானை விலைக்குக் கிடைக்கும். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வீட்டுக்கு வந்தால், அது பிள்ளைகளின் படிப்புக்கா, அடுப்புக்கா, மோட்டார் சைக்கிளுக்கா? ஆம், மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். வீதி முழுக்க வெள்ளைப் புகை, இருமல். விளக்குக்கு ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனைகிற அளவு மட்டும் எண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டு ஏற்றுவோம். அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் எனக்கு மாணவர்கள். துணி தோய்க்கப் பனம்பழத்தைப் பிசைந்தோம். தோய்த்த உடுப்பைக் காயப்போட்டால் மாடு வந்து சப்பும்.

ரேடியோவுக்கு சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒரு பெடியன் பெடல் சுற்றுவான், டைனமோவிலிருந்து வயர் போகும். லண்டன் தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாசும்தான் எங்கள் செய்தி. பெடியன் களைத்தால் செய்தியும் களைத்துவிடும், முக்கியமான இடத்தில் குரல் மங்கும். இதில் பாதியை உங்கள் தையல்கடையிலேயே நடத்தலாம்.

பிறகு பதுங்குகுழி. வளவில் எங்கே வெட்டுவது, மேலே போட எந்தத் தென்னையைத் தறிப்பது? காய்க்கிற தென்னையைத் தறிக்கச் சொன்ன புருஷனோடு மாதக்கணக்காகப் பேசாமல் இருந்த ஒரு மனுஷியை எனக்குத் தெரியும். அதற்கு ஒரு அத்தியாயம் கொடுங்கள், யாருக்கும் தூக்கம் வராது.

மேற்குமாம்பலம் | சனி, காலை 7.05

அக்கா, இதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. ஒரு சந்தேகம். கால் தையல் மெஷினின் பெரிய சக்கரத்தில் சைக்கிள் டைனமோவை உரசவைத்தால் ரேடியோ பாடுமா? எழுதினால் நம்புவீர்களா?

சுண்டெலி | சனி, காலை 7.40

சைக்கிள் டைனமோ 6 வோல்ட். நாலு பேட்டரி போடுகிற டிரான்சிஸ்டருக்கும் அதே 6 வோல்ட்தான். டைனமோவில் வருவது ஏசி என்பதால் நடுவில் ஒரு டயோடும் கண்டென்சரும் வேண்டும், இல்லாவிட்டால் இரைச்சல்தான் கேட்கும். சக்கரம் சுற்றுகிற வேகம் போதும் என்று நினைக்கிறேன். ஆனால் தைக்கிற வேகம் மாறினால் குரலும் ஏறி இறங்கும்.

தீவுப்பக்கம் | சனி, காலை 9.10

நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புவேன். அந்தக் காலத்தில் அப்படி ஏதாவது செய்யாத வீடு இல்லை.

கேகேநகர்க்காரி | சனி, காலை 11.30

சென்னைப் பகுதியைக் கடைசியில் ஒட்டவைக்கப்போகிறீர்கள் என்று தெரிகிறது. தப்பித்து வந்தார்கள், நிம்மதி, முற்றும். அது வேண்டாம். போர் இந்த ஊருக்கும் வந்தது.

நான் இந்தப் பக்கமே பிறந்து வளர்ந்தவள். 1984 ஆகஸ்டில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து முப்பது பேர் அளவில் செத்தார்கள். 1986 தீபாவளியன்று சூளைமேட்டில் துப்பாக்கிச் சூடு. 1990 ஜூனில் கோடம்பாக்கம் சக்கரியா காலனியில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவையும் அவரோடு இருந்தவர்களையும் சுட்டார்கள். அதற்கு அடுத்த வருடம் மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. அதற்குமுன் இலங்கைத் தமிழர் என்றால் வாடகை கேட்காமலேயே சாவியைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். பிறகு 'டு-லெட்' பலகை மாட்டின வீட்டில் பேச்சை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, "வீடு போயிடுச்சும்மா" என்பார்கள். பலகை அங்கேயே தொங்கும்.

எங்கள் தெருவில் ஒரு ஹவுஸ் ஓனர் இருந்தார். மாடியில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம், நல்ல பழக்கம், பண்டிகைக்குப் பலகாரம் மாறும். 1991 ஜூனில் போலீஸ் இரண்டு முறை வந்து விசாரித்துவிட்டுப் போனது. அந்த மாத முடிவில் காலி பண்ணச் சொல்லிவிட்டார். சாமானை வண்டியில் ஏற்றும்போது அவரே கூட நின்று தூக்கிக் கொடுத்தார். அவரைக் கெட்டவர் என்று எழுதினால் எளிது. எனக்கு அவர் உங்கள் தையல்காரரைப் போலவே ஒரு சாதாரண ஆளாகத்தான் தெரிகிறார். அவருக்கு ஒரு அத்தியாயம் எழுதுங்களேன்.

இன்னொன்று. 1992இல் அகதிகளைக் கப்பலில் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். விருப்பப்பட்டுப் போகிறோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான். உங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர் யாராவது அதில் போயிருக்க வேண்டும். இங்கே வந்த எல்லாரும் இங்கேயே தங்கிவிடவில்லை.

பழையபேப்பர் | சனி, பகல் 12.45

இதோடு 1990 மார்ச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலங்கைக்குப் போயிருந்த இந்திய அமைதிப்படை கப்பலில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. சுமார் 1,200 சிப்பாய்களை இழந்துவிட்டு வந்த படை அது. அதில் நம் ஊர்ப் பையன்கள் இருந்தார்கள், மெட்ராஸ் ரெஜிமென்ட்டும் அங்கே போயிருந்தது. தமிழ் பேசுகிற சிப்பாய் தமிழ் பேசுகிற வீட்டுக் கதவைத் தட்டியிருப்பான். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அந்த ஊர் மறக்கவில்லை. இங்கே அது பேசப்பட்டதே குறைவு. உங்கள் கதை 1990இல் தொடங்கினாலும் தையல்காரர் மனதில் அது இருந்தாக வேண்டும். சென்னைக்கு வந்த பிறகு பக்கத்து போர்ஷனில் ஒரு முன்னாள் சிப்பாய் குடியிருந்தால் என்ன ஆகும்? சரி, இது நானே எழுத ஆரம்பித்த மாதிரி ஆகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.

ஐந்துசந்தி | சனி, மாலை 4.20

மண்ணடியில் வியாபாரம். பூர்வீகம் யாழ்ப்பாணம் சோனகத் தெரு. இந்த இழையைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், ஒருவராவது கேட்பார் என்று பார்த்தேன்.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் 1990இல் தையல்கடை என்கிறீர்கள். அந்தத் தொழிலில் எங்கள் முஸ்லிம் ஆட்கள் எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? தையல், பழைய இரும்பு, நகை, இறைச்சி எல்லாம் எங்கள் தெருக்களின் தொழில். 1990 அக்டோபர் 30 காலை புலிகள் எங்கள் எல்லாரையும் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போக வேண்டும் என்றார்கள். காசு, நகையை வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். வடக்கு முழுக்க எழுபதாயிரம் பேருக்கு மேல். பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் போய் இருந்தோம். நான் அப்போது சின்னப் பையன். வாப்பா கடைச் சாவியைப் பல வருடம் இடுப்பு பெல்ட்டிலேயே வைத்திருந்தார்.

அதனால் என் கேள்வி. நவம்பர் முதல் தேதி உங்கள் தையல்காரர் கடையைத் திறக்கிறார். பக்கத்துக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. அந்த மாதம் அவருக்கு வேலை கூடியதா, குறைந்ததா?

மேற்குமாம்பலம் | சனி, மாலை 5.02

கூடியிருக்கும்.

ஐயா, இந்த ஒரு கேள்வி நாவலைப் புரட்டிப்போட்டுவிட்டது. அந்த வெளியேற்றத்தை ஒரு பத்தியாக, தூரத்துச் செய்தியாக வைத்திருந்தேன். இப்போது அது கல்லாப்பெட்டிக்குள் வந்துவிட்டது.

தென்திசை | சனி, மாலை 6.30

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு இனமே அழிக்கப்பட்ட வரலாற்றை எழுத உட்கார்ந்தால், எங்கிருந்தாவது 'எல்லாத் தரப்பிலும் தப்பு' என்று கொண்டுவந்து நிறுத்திவிடுவீர்கள். நாவலுக்கு ஒரு பக்கம் வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவன் யார்? 97,000 புத்தகங்கள். 1983 வெலிக்கடைச் சிறையில் 53 பேரைக் கொன்றவர்கள் யார்? நவாலியில் குண்டு போட்டது யார்? 2009இல் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்துவிட்டு அதன்மேலேயே ஷெல் அடித்தது யார்? ஐநா நிபுணர் குழுவே 2011இல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று எழுதியது. இதையெல்லாம் எழுதத் தைரியம் இல்லாமல் பூட்டின கடையைப் பற்றி எழுதுவதா? நாளைக்கு உங்கள் நாவலை எடுத்து வைத்துக்கொண்டு அவர்கள் பேசுவார்கள், பாருங்கள்.

சுண்டெலி | சனி, மாலை 6.34

ஆரம்பமாயிடுச்சு.

ஐந்துசந்தி | சனி, இரவு 7.15

தம்பி, நூலகம் எரிந்தபோது எங்கள் தெருவிலும்தான் அழுதார்கள். நீங்கள் சொன்ன பட்டியலில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. எங்கள் கதையைச் சேர்த்தால் உங்கள் கதை குறைந்துபோகும் என்று யார் கணக்குப் போட்டுக் கொடுத்தது?

தென்திசை | சனி, இரவு 7.40

அந்த வெளியேற்றத்துக்குப் புலிகள் இயக்கமே பின்னால் வருத்தம் தெரிவித்துவிட்டது. முடிந்த விஷயம். இப்போது கிளறுவதன் நோக்கம் என்ன என்றுதான் கேட்கிறேன்.

நெறியாளர் | சனி, இரவு 8.05

நடுவில் வந்த சில பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒருவரை ஒருவர் துரோகி, கைக்கூலி என்று அழைத்த பதிவுகள் மட்டும்தான். மற்ற வாதம் தொடரட்டும், ஆனால் நாவலை ஒட்டிப் பேசுங்கள்.

தீவுப்பக்கம் | சனி, இரவு 10.25

தென்திசை தம்பிக்கு. நீங்கள் எந்த ஊர் என்று தெரியாது, கேட்கவும் இல்லை. என் வீட்டில் ஷெல்லில் செத்தவர்கள் உண்டு. இயக்கத்துக்குப் போய்த் திரும்பாத பிள்ளையும் உண்டு. இரண்டு படமும் ஒரே சுவரில்தான் தொங்குகின்றன. அதனால் எனக்குப் பக்கம் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

நான் தமிழ்த் தையல்காரரின் இடத்திலிருந்து சொல்கிறேன். முஸ்லிம்களை அனுப்பிய அந்த நாளில் எங்கள் சனம் என்ன செய்தது? கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தது. சிலர் பால்மா, பிஸ்கட் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பலர் வெளியே வரவில்லை, பயம். அப்போது யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகவே இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், பிணைக்கு ஆள் நிற்க வேண்டும். போனவர் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். அப்படி ஒரு ஊரில் யார் போய் எதிர்த்துக் கேட்பது? அந்தப் பயத்தை எழுதாமல் எங்களை வெறும் பாதிக்கப்பட்ட சனம் என்று எழுதினால், படிக்கிறவர் எங்களுக்காக அழுவார், ஆனால் எங்களைத் தெரிந்துகொள்ள மாட்டார்.

தம்பி மேற்குமாம்பலம், பிணை விஷயத்தை விடாதீர்கள். யார் யாருக்குப் பிணை நிற்பார்? சொந்த அண்ணனே நிற்க மறுத்த வீடுகள் உண்டு. முன்பின் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் நின்றதும் உண்டு.

தென்திசை | சனி, இரவு 11.10

அம்மா, உங்களை மதிக்கிறேன். ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளப்போவதில்லை. எழுத்தாளருக்கு ஒரே வேண்டுகோள்: பூட்டின கடைக்குக் கொடுக்கிற பக்கத்தில் நவாலிக்குப் பாதியாவது கொடுங்கள்.

பழையபேப்பர் | ஞாயிறு, காலை 8.00

நவாலிக்குக் கொடுக்கத்தான் வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி. நூறு பேருக்கு மேல் செத்த இடத்தில் கதாநாயகனை நிறுத்தி, அவர் உயிரோடு எழுந்து வந்து அடுத்த அத்தியாயத்துக்குப் போனால், செத்தவர்கள் அவருடைய பின்னணிக் காட்சியாகிவிடுவார்கள். அவரை நவாலிக்கு அனுப்பாதீர்கள். விமானத்திலிருந்து துண்டுப் பிரசுரம் போட்டுக் கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் போகச் சொன்னார்கள், சனமும் அப்படியே போய் உட்கார்ந்தது. அந்த ஊர்ப் பையன் ஒருவன் பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவு கொடுத்திருக்கட்டும். தைத்த சட்டையை வாங்க அவன் தகப்பன் மட்டும் வரட்டும். கூலி வாங்குவதா, வேண்டாமா? அந்த இடத்தில் உங்கள் தையல்காரர் மாட்டிக்கொள்கிறார் பாருங்கள், அங்கே எழுதுங்கள்.

இந்த 40,000 போன்ற எண்களையும் பாத்திரங்களின் வாயில் போடாதீர்கள். பதுங்குகுழிக்குள் இருந்த யாருக்கும் மொத்தக் கணக்கு தெரியாது. தனக்குத் தெரிந்தவர்களைத்தான் எண்ணியிருப்பார்கள்.

கால வழுவும் கவனம். போன மாதம் நீங்கள் இங்கே போட்ட மாதிரி அத்தியாயத்தில் 1995இல் கிபிர் விமானம் பறக்கிறது. கிபிர் இலங்கைக்கு வந்ததே 1996இல்தான். 1995இல் புக்காரா என்று போடுங்கள், இல்லாவிட்டால் சும்மா பொம்மர் என்றே எழுதுங்கள், சனம் அப்படித்தான் சொல்லியிருக்கும்.

கேகேநகர்க்காரி | ஞாயிறு, காலை 9.30

சார் பிழை திருத்துவதை இன்னும் விடவில்லை 😀

மேற்குமாம்பலம், யாழ்ப்பாணப் பேச்சை எப்படி எழுதுகிறீர்கள்? சென்னைக்காரர்கள் எழுதினால் எல்லாரும் சினிமாவில் வருகிற இலங்கைத் தமிழ் பேசுவார்கள், ஒரே ராகம், ஒரே 'என்னப்பா'. மனைவி, கிழவி, கடைக்கு வருகிற பொடியன் என்று ஆளுக்கு ஒரு பேச்சு வேண்டாமா? முடியாவிட்டால் உரையாடலைக் குறைத்துவிடுங்கள்.

மேற்குமாம்பலம் | ஞாயிறு, காலை 10.45

உரையாடலைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குவதாக இருக்கிறேன். தீவுப்பக்கம் அக்கா சம்மதித்தால் அவர்களிடமே. பழைய நாளிதழ்களுக்கு 'நூலகம்' இணையதளம் கைகொடுக்கிறது. அந்த வருடங்களின் யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் செய்தியைவிட விளம்பரங்களும் மரண அறிவித்தல்களும்தான் எனக்கு உபயோகம். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்கும் போகிறேன்.

இப்போது பெரிய கேள்வி. யாழ்ப்பாணப் பகுதியின் முடிவை எங்கே வைப்பது? 1995 அக்டோபர் 30, இராணுவம் நெருங்கியபோது யாழ்ப்பாணப் பட்டணம் உள்ள வலிகாமம் முழுக்க வெளியேறிய அந்த இரவோடு அதை முடிக்கலாம் என்றிருந்தேன். அதைவிடப் பெரிய காட்சி எனக்குக் கிடைக்காது.

ஐந்துசந்தி | ஞாயிறு, காலை 11.20

அதே அக்டோபர் 30. நாங்கள் போய்ச் சரியாக ஐந்து வருடம். புத்தளத்தில் எங்கள் ஆட்கள் அன்றைக்கு ரேடியோவில் கேட்டார்கள். சிலர் "அல்லாஹ் பார்த்துக்கொண்டான்" என்றார்கள். வாப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அவருக்குத் தெரிந்த முகங்கள் எத்தனையோ அந்த ரோட்டில் நடந்திருக்கும். இதை உங்கள் நாவலில் சேர்க்கச் சொல்லவில்லை, சும்மா சொன்னேன்.

தீவுப்பக்கம் | ஞாயிறு, பகல் 2.15

அந்த இரவில் நான் நடந்தேன். பின்னேரம் இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. ஒரு பக்கம் செம்மணி, நாவற்குழிப் பாலம். மற்றப் பக்கம் கோப்பாய், கைதடி. சில லட்சம் சனம் இந்த இரண்டு வழியால் கிழக்கே தென்மராட்சிக்குள் போக வேண்டும். மழை. நாலு அடி வைத்தால் நாலு நிமிடம் நிற்க வேண்டும். வயல்வெளி நடுவில் குடிக்கத் தண்ணீர் இல்லை, குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத்தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எழுதத்தான் வேண்டும்.

ஆனால் அதை முடிவாக வைக்காதீர்கள். அந்த இரவில் எங்களுக்குத் தெரிவு இருக்கவில்லை. எல்லாரும் போனார்கள், நாங்களும் போனோம். தெரிவு வந்தது 1996 ஏப்ரலில். ஆமி தென்மராட்சிக்குள்ளும் வந்தபோது, ஒரு பக்கம் திரும்பி வலிகாமத்துக்கு, ஆமியின் கட்டுப்பாட்டுக்குள், சொந்த வீட்டுக்குப் போகலாம். மற்றப் பக்கம் கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்குப் போகலாம். யோசிக்க இருந்தது ஒன்றிரண்டு நாள். வீடு, கிணறு, வயதான தாய்க்காகத் திரும்பினவர்கள் உண்டு. சோதனைச் சாவடிக்கு, பெடியனைப் பிடித்துக்கொண்டுபோய் விடுவார்கள் என்ற பயத்துக்காக வன்னிக்குப் போனவர்கள் உண்டு. திரும்பினவர்களில் பிள்ளைகள் பிடிபட்டுக் காணாமல் போனார்கள். அந்த வருடமே செம்மணிச் சாவடியில் கிருஷாந்தி என்ற பள்ளிக்கூட மாணவியைப் பிடித்துச் சீரழித்துக் கொன்றது உலகத்துக்கே தெரியும். வன்னிக்குப் போனவர்கள் பதின்மூன்று வருடம் கழித்து முள்ளிவாய்க்காலில் நின்றார்கள்.

யார் சரி? அன்றைக்கு யாருக்குத் தெரியும்? உங்களுக்கு 2009 தெரியும், தம்பி. உங்கள் தையல்காரருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது தாய்க்கு நடக்க முடியாது என்பதும், தம்பிக்குப் பத்தொன்பது வயது என்பதும், மெஷினைத் திரும்பவும் தூக்க வேண்டும் என்பதும்தான். அதை மட்டும் வைத்துக்கொண்டு அவரை முடிவெடுக்கவிடுங்கள்.

மேற்குமாம்பலம் | ஞாயிறு, மாலை 4.40

அப்படியானால் குடும்பம் அங்கேதான் பிரிகிறது. தையல்காரரும் தாயும் திரும்புகிறார்கள். தம்பி வன்னிக்கு. மனைவியும் பிள்ளைகளும் திரும்பிப் போய், பிறகு கொழும்பு வழியாகச் சென்னை. சென்னைப் பகுதியில் கேகேநகர்க்காரி சொன்ன ஹவுஸ் ஓனர் வருவார். 1991இல் ஒரு குடும்பத்தைக் காலி பண்ணச் சொன்னவர், 1997இல் இன்னொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடலாமா என்று யோசிப்பார். நாவலை 2009க்குக் கொண்டுபோகவே மாட்டேன். தம்பியிடமிருந்து வருகிற கடைசிக் கடிதம் 1998 அல்லது 99ஆக இருக்கும், அதில் நல்ல செய்திதான் இருக்கும்.

ஆனையிறவு, நவாலி இரண்டிலிருந்தும் தையல்காரரை வெளியே எடுத்துவிட்டேன். 1990 நவம்பருக்குப் புதிதாக ஒரு அத்தியாயம் தொடங்கியிருக்கிறேன். பூட்டின கடைக்காரர் ஒருவரிடம் வாடிக்கையாளர் கொடுத்துவைத்த துணி உள்ளேயே கிடக்கிறது, கல்யாணத் துணி. அதை எடுத்துத் தைத்துத் தரச் சொல்லி இவரிடம் வருகிறார்கள்.

தென்திசை | ஞாயிறு, மாலை 5.15

முடிந்ததும் படிப்பேன். திட்டி எழுதவும் செய்வேன்.

மேற்குமாம்பலம் | ஞாயிறு, மாலை 5.20

அதற்காகவே ஒரு பிரதி அனுப்புகிறேன்.

தீவுப்பக்கம் அக்காவுக்கு ஒரு கடைசிச் சந்தேகம். அக்டோபர் 30 இரவு மெஷினை எப்படிக் கொண்டுபோவார்? ஸ்டாண்டோடு கால் மெஷின் சைக்கிளில் ஏறாது.

தீவுப்பக்கம் | ஞாயிறு, இரவு 9.30

ஸ்டாண்டைக் கொண்டுபோக மாட்டார். தலையை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டுவார். அதுவே நல்ல கனம், அதனால் சைக்கிளில் ஏறி ஓட முடியாது, உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் எப்படியும் ஒருவரும் ஓடவில்லை. ஸ்டாண்டைக் கிணற்றுக்குள் இறக்கிவைப்பார் என்று எழுதாதீர்கள், இரும்பு துருப்பிடிக்கும், தையல்காரர் அதைச் செய்ய மாட்டார். வைக்கோல் போருக்குள்ளோ விறகுக் கொட்டிலுக்குள்ளோ மூடிவைக்கட்டும். பெல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பிறகு வாங்கக் கிடைக்காது. உரையாடல்களை அனுப்புங்கள், பார்க்கிறேன்.